ஐப்பசி மழையை அந்த வீட்ல இருந்து பாருங்க

வாசகர் கேள்வி, அக்கா பதில்

கேள்வி: அக்கா, எனக்கு 41 வயசு. சென்னையில ஒரு ஐ.டி. கம்பெனியில டெஸ்டிங் டீம்ல 16 வருஷம் இருந்தேன். ஆவணி மாசம் ஒரு நாள் காலைல மீட்டிங்னு கூப்பிட்டாங்க, மத்தியானம் லேப்டாப்பை ஒப்படைச்சுட்டு வீட்டுக்கு வந்துட்டேன். மேடவாக்கத்துல சொந்த ஃபிளாட், இஎம்ஐ 34,000, இன்னும் 11 வருஷம் பாக்கி. மனைவி பக்கத்துல ஒரு பிரைவேட் ஸ்கூல்ல டீச்சர், 22,000 சம்பளம். பொண்ணு ஏழாவது, பையன் ரெண்டாவது, ரெண்டு பேரும் சிபிஎஸ்இ. பேங்க்ல 9 லட்சம் இருக்கு, பி.எஃப். தனி. பேராவூரணி பக்கம் எங்க கிராமத்துல ஓட்டு வீடு இருக்கு, தாத்தா சிங்கப்பூர்ல சம்பாதிச்சு வாங்கின இடம், அவரே கட்டினது. பாட்டி, அப்பா ரெண்டு பேருமே இல்ல, அம்மா மட்டும் இருக்காங்க, 68 வயசு, சுகருக்கு இன்சுலின் போடறாங்க. கூடப்பொறந்தவங்க யாரும் இல்ல, அத்தை ரெண்டு பேரு. 2 ஏக்கர் தென்னந்தோப்பு, கஜா புயல்ல போனதுக்கப்புறம் திரும்ப கன்னு வச்சது. அம்மா ‘வந்துருப்பா, இருக்கறதை வச்சு சாப்பிட்டுக்கலாம்’ங்கறாங்க. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஒரு தடவ போனா திரும்ப வர முடியாதுங்கறாங்க. மனைவி எதுவுமே சொல்ல மாட்டேங்கறா. நாலரை லட்சம் போட்டு வீட்டை சரி பண்ணிட்டு குடும்பத்தோட போயிடலாமா? ராத்திரி தூக்கமே இல்லக்கா.

பதில்: தம்பி, உங்க கடிதத்தை மூணு தடவ படிச்சேன். மூணாவது தடவ பேனாவை எடுத்து ஓரத்துலயே கணக்கு போட்டுப் பாத்தேன், மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம், அந்தக் கணக்கை முதல்ல சொல்லிடறேன், ஏன்னா ‘ஊர்ல என்ன பெருசா செலவு’ங்கற நினைப்புலதான் நெறைய பேரு மூட்டை கட்டறாங்க.

சென்னையிலயே இருந்தா இஎம்ஐ 34,000, மெயின்டனன்ஸ் ஒரு 3,500, பசங்க ஃபீஸையும் சேத்து வீட்டுச் செலவு இழுத்துப் புடிச்சு 40,000ன்னு வச்சுக்கலாம், ஆக 77,500. இதுல உங்க வீட்டம்மா சம்பளம் 22,000 கழிச்சா மாசம் 55,500 சேமிப்புல இருந்து போகும், 9 லட்சம் 16 மாசம் தாங்கும். சரி, குடும்பத்தோட ஊருக்குப் போயிட்டா? ஃபிளாட்டை 20,000க்கு வாடகைக்கு விட்டாலும் இஎம்ஐக்கு 14,000 நீங்கதான் போடணும், மெயின்டனன்ஸ் ஓனர் தலையிலன்னா அது 3,500, அஞ்சு பேரு சாப்பாடு, அம்மா மருந்து, வண்டி பெட்ரோல்னு 20,000 ஆகாம இருக்காது. மொத்தம் 37,500. 9 லட்சம் 24 மாசம் வரும், எட்டு மாசம் கூடுதல், பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நாலரை லட்சம் வீட்டுக்குப் போட்டுட்டா மீதி நாலரை, அது 12 மாசத்துல தீந்துடும். அதாவது சென்னையில உக்காந்திருந்தா 16 மாசம் வர்ற பணம், செலவு கம்மின்னு ஊருக்குப் போய் வீட்டையும் சரி பண்ணினா 12 மாசந்தான் வருது. காரணம் ரெண்டே ரெண்டு, ரிப்பேர் செலவு ஒண்ணு, நின்னு போற அந்த 22,000 இன்னொண்ணு. இந்த ரெண்டும் உங்க கடிதத்துல ஓரமா கிடக்கு, எனக்கு அதுதான் நடுவுல தெரியுது.

தோப்பு இருக்கேன்னு சொல்லுவீங்க. 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா கரை கடந்தப்ப பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னை எப்படி வேரோட சாஞ்சு கிடந்துச்சுன்னு நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்ல. அடுத்த வருஷமே கன்னு வச்சிருந்தாலும் நாட்டு நெட்டை ரகம் பாளை விட ஆறேழு வருஷம் ஆகும், இப்பத்தான் காய்க்க ஆரம்பிச்சிருக்கும். நூறு மரம் இருக்கு, மரத்துக்கு 40 காய்னு வச்சுக்கோங்க, இளமரத்துக்கு அதுவே தாராளம். 4,000 காய், ஒரு காய் 15 ரூபான்னு வியாபாரி எடுத்தா 60,000. பறிகூலி, உரம், பாத்தி எடுக்கற ஆள், வெள்ளை ஈ வந்தா மருந்துன்னு மூணுல ஒரு பங்கு போயிடும், மீதி 40,000. உங்க ஒரு மாச இஎம்ஐயும் மெயின்டனன்ஸும் எவ்வளவோ அதான் தோப்போட ஒரு வருஷ வரும்படி. அதுவும் இன்னைக்கு அம்மா சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் ஏற்கனவே போயிட்டிருக்கற பணம். அம்மா ‘இருக்கறதை வச்சு சாப்பிட்டுக்கலாம்’னு சொல்றது உங்க மேல இருக்கற பாசம், அதை வருமானமா எடுத்துக்கிட்டு பட்ஜெட் போட்டுடாதீங்க. தென்னை இன்னும் நாலஞ்சு வருஷத்துல 80, 90 காய் போடும், அப்ப வேற கணக்கு.

இப்ப வீட்டு விஷயம். இதை எழுதறப்ப எனக்கு எங்க வீட்டு நினைப்பு வந்துடுச்சு, சொல்றேன். 2014ல எங்க வீட்டுக்காரருக்கு இதே மாதிரி வேலை போச்சு, ஃபேக்டரியையே மூடிட்டாங்க. லால்குடி பக்கம் மாமனார் கட்டின வீடு ஆறு வருஷமா பூட்டிக் கிடந்துச்சு, யோசிக்கவே இல்ல, மினி லாரியில சாமானை ஏத்திக்கிட்டு போயிட்டோம். போன வேகத்துல மூணு லட்சம் செலவு பண்ணி ஓடு மாத்தி, தரையைப் பேத்து டைல்ஸ் போட்டு, பாத்ரூம் கட்டி, சமையல்கட்டுல இருந்த ஆட்டுக்கல்லைப் பெயர்த்து கொல்லையில தூக்கிப் போட்டோம். ஒரு மாசம் கழிச்சு திருச்சியில இருந்து எங்க நாத்தனார் வந்தாங்க, வீட்டுக்காரருக்கு அக்கா. திண்ணையில பையை வச்சாங்க, வாசப்படியில நின்னு உள்ள எட்டிப் பாத்தாங்க, ‘டைல்ஸ் எல்லாம் போட்டு நல்லா பண்ணியிருக்கீங்க’ன்னாங்க. ‘உள்ள வாங்கண்ணி’ன்னேன், ‘இருக்கட்டும், காத்து வருது’ன்னு திண்ணையிலயே உக்காந்து காபி குடிச்சாங்க. அரை மணி நேரத்துல பஸ்ஸுன்னு கிளம்பிட்டாங்க. நான் அவசரம்போலன்னு நெனச்சேன். ரெண்டு வருஷம் கழிச்சு வக்கீல் நோட்டீஸ் வந்துச்சு. அவங்க பொறந்த வீடு அது, அந்த ஆட்டுக்கல்லுல அவங்க அம்மா மாவாட்டினதைப் பாத்து வளந்தவங்க, அவங்களை ஒரு வார்த்தை கேக்காம நாங்க செங்கல் வச்சுட்டோம். அவங்க மேல எந்தத் தப்பும் இல்ல. எல்லாம் பேசி முடிச்சு பத்திரம் பதிய நாலு வருஷம் ஆச்சு. இப்பவும் வர்றாங்க போறாங்க, பசங்களுக்கு முறுக்கு கொண்டு வர்றாங்க, ஆனா திண்ணையத் தாண்டி உள்ள வர்றதில்ல.

அதனாலதான் கேக்கறேன் தம்பி, உங்க அத்தைங்க ரெண்டு பேரும் இதுல எங்க இருக்காங்க? தாத்தா சுயமா சம்பாதிச்ச சொத்து, உயில் எழுதாம போயிட்டார்னா, 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கு என்னவோ அதேதான் மகள்களுக்கும். கல்யாணத்துல நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சுன்னு ஊர்ல சொல்ற பேச்செல்லாம் சட்டத்துல நிக்காது. பாட்டியும் இல்லாததால உங்க அப்பாவுக்கு மூணுல ஒரு பங்கு, அது அம்மாவுக்கும் உங்களுக்கும் பாதிப் பாதின்னு வச்சா, வீட்லயும் தோப்புலயும் உங்க பேருக்கு நிக்கறது ஆறுல ஒரு பங்கு. (எது முன்ன எது பின்னன்னு இறந்த தேதிகளைப் பொறுத்து இது கொஞ்சம் மாறும், வக்கீல் கிட்ட ஒரு தடவ காட்டிக்கோங்க.) ஆறுல ஒண்ணு வச்சுக்கிட்டு முழு வீட்டுக்கும் நாலரை லட்சம் போடப் போறீங்க. பட்டா இன்னும் தாத்தா பேர்லயே இருக்கான்னு முதல்ல ஆன்லைன்ல பாருங்க, வாரிசுச் சான்று தாலுகா ஆஃபீஸ்ல வாங்கி வைங்க, வில்லங்கம் போட்டுப் பாருங்க. இதையெல்லாம் விட முக்கியம், போன்ல இல்லாம நேர்ல, வெத்தலை பாக்கு பழம் வாங்கிக்கிட்டு ரெண்டு அத்தை வீட்டுக்கும் போங்க, ‘வேலை போயிடுச்சு அத்தை, கொஞ்ச நாள் வீட்ல வந்து இருக்கலாம்னு பாக்கறேன், நீங்க என்ன சொல்றீங்க’ன்னு கேளுங்க. அவங்க மனசார பங்கை விட்டுக் குடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுக்கலாம், இல்ல பங்கு பிரிச்சு பாகப்பிரிவினைப் பத்திரம் பதியலாம், இல்ல அவங்க பங்குக்கு ஏதாவது குடுக்க வேண்டி வரலாம். எதுவா இருந்தாலும் கையெழுத்து ஆகறதுக்கு முன்னாடி ஓடு மாத்தறது, கக்கூஸ் சரி பண்றது, வயரிங் பாக்கறதுன்னு 60, 70 ஆயிரத்துக்கு மேல அந்த வீட்ல இறக்காதீங்க.

அடுத்தது மழை. நீங்க அந்த வீட்டை கடைசியா எப்ப பாத்தீங்க? பொங்கலுக்கும் மே மாச லீவுக்கும் போயிருப்பீங்க, அப்ப எல்லா வீடும் நல்லாத்தான் இருக்கும், முத்தத்துல வெயில் விழும், தோப்புக் காத்து வரும், இளநி வெட்டிக் குடுப்பாங்க. ஓட்டு வீட்டோட குணம் தெரியணும்னா ஐப்பசி கார்த்திகையில அதுக்குள்ள படுத்து எந்திரிக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு ஓடு நகந்து சொட்டுச் சொட்டா கட்டில் மேல விழறப்ப குண்டானை எங்க வைக்கறதுன்னு தேடணும். சுவத்துல அடியில இருந்து எத்தனை அடி ஓதம் ஏறுதுன்னு கைய வச்சுப் பாக்கணும். உத்தரமும் கைமரமும் தேக்கா இருந்தா பயமில்ல, நடுவுல எப்பயாவது மாத்தின ரீப்பர் கட்டைதான் கறையான் அரிச்சுப் போயிருக்கும், ஒரு ஆணியை எடுத்து குத்திப் பாருங்க, மாவு மாதிரி உள்ள போனா மொத்த ஓட்டையும் இறக்கி சட்டம் மாத்தணும், அப்ப உங்க நாலரை லட்சம் போதாது. கடலோரம் வேற, புயல் சின்னம்னு நியூஸ்ல சொன்னாலே உங்க பக்கம் கரண்ட்டை நிறுத்திடுவாங்க. கஜாவுக்கு அப்புறம் எத்தனை நாள் கரண்ட் இல்லாம கிடந்துச்சுன்னு அம்மாவைக் கேளுங்க, அத்தனை நாளும் இன்சுலினை எங்க வச்சிருந்தாங்கன்னும் கேளுங்க. அந்த ரெண்டாவது கேள்விக்கு அம்மா சொல்ற பதில்ல, நீங்க ஊருக்குப் போகணுமா வேண்டாமாங்கறதுல பாதி இருக்கு, ஏன்னா இத்தனை வருஷமா அதை அவங்க தனியாத்தான் சமாளிச்சிருக்காங்க.

அதனால நான் சொல்றது இதுதான். இப்ப புரட்டாசி முடியப் போகுது. குடும்பத்தை அசைக்காதீங்க. நீங்க மட்டும் ஒரு பெட்டியோட போங்க, ஐப்பசி, கார்த்திகை ரெண்டு மாசமும் அந்த வீட்ல அம்மா கூட இருங்க. அங்க இருந்தே வேலைக்கு அப்ளை பண்ணுங்க, இன்டர்வியூ எல்லாம் இப்ப முதல் ரவுண்டு வீடியோவுலதான் நடக்குது, அந்த ஊர் நெட்டுல ஒரு மணி நேர கால் அறுபடாம நிக்குதான்னு அதுலயே தெரிஞ்சுடும். நேர்ல கூப்பிட்டா தாம்பரம் செங்கோட்டை ரயில் பட்டுக்கோட்டை வழியாத்தான் போகுது, ராத்திரி ஏறினா காலைல வந்துடலாம். தஞ்சாவூர்ல 2024ல டைடல் நியோ ஐ.டி. பார்க் திறந்திருக்காங்க, திருச்சி நவல்பட்டுல எல்காட் ஐ.டி. பார்க் இருக்கு, அங்க உள்ள கம்பெனிகளுக்கும் போட்டு வைங்க, சம்பளம் சென்னை அளவுக்கு வராது, பேராவூரணியில இருந்து தினம் போய் வர்ற தூரமும் இல்ல, ஆனா வாரக்கடைசி வீட்டுக்கு வர்ற தூரம். அம்மாவை ஒரு தடவ பட்டுக்கோட்டை ஜி.எச்.சுக்கு செக்கப் கூட்டிட்டுப் போங்க, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஆளுங்க மாசா மாசம் வர்றாங்களான்னு பாருங்க, தெருவுல யாருக்காவது ராத்திரி நெஞ்சுவலி வந்தப்ப 108 எவ்வளவு நேரத்துல வந்துச்சுன்னு விசாரிங்க, தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் பட்டுக்கோட்டையில இருந்தே 50 கிலோமீட்டருக்கு கிட்ட ஆகும்.

பசங்க ஸ்கூல் நடுவுல அறுபடக்கூடாது, ஏப்ரல் வரைக்கும் அது அங்கேயே நடக்கட்டும். அப்புறமும் பொண்ணு விஷயத்துல ஜாக்கிரதை. சிபிஎஸ்இல செகண்ட் லாங்வேஜ் இந்தியோ ஃப்ரெஞ்சோ எடுத்திருந்தா, ஸ்டேட் போர்டுக்கு மாறினதும் பத்தாவதுல தமிழ் பேப்பர் எழுதியாகணும், அதனால மாத்தறதா இருந்தா எட்டாவதுலயே மாத்திடுங்க, ஒன்பதாவது முடிஞ்சு மாத்தறது அந்தப் புள்ளைக்கு பெரிய தண்டனை. கவர்ன்மென்ட் ஸ்கூல்ல சேத்தா மெடிக்கல் சீட்டுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்கும்னு யாராவது சொல்லுவாங்க, அது ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு, உங்க பொண்ணு அந்த வரியைத் தாண்டிட்டா. பையன் ரெண்டாவதுதான், அவனுக்கு இன்னும் நேரம் இருக்கு.

பணத்துல ரெண்டு மூணு விஷயம் வேகமா சொல்லிடறேன். கிராஜுவிட்டி வந்துடுச்சா? 16 வருஷ சர்வீஸ், கடைசி பேசிக் 50,000ன்னா அதை 15ஆல பெருக்கி 26ஆல வகுத்து 16ஆல பெருக்கினா நாலு லட்சத்து 61 ஆயிரத்துக்கு மேல வரும், 30 நாளைக்குள்ள குடுக்கணும்ங்கறது சட்டம், வரலைன்னா கூச்சப்படாம எழுதிக் கேளுங்க. நான் மேல போட்ட கணக்குல இதைச் சேக்கல, வேணும்னுதான் சேக்கல, இது அவசரத்துக்கு இருக்கட்டும். பி.எஃப்.பை வீட்டு ரிப்பேருக்கு உடைக்காதீங்க, 2024-25க்கு 8.25 சதவீதம் வட்டி, நீங்க பணம் போடறது நின்னாலும் 58 வயசு வரைக்கும் வட்டி ஏறும். வேலை போனா முக்கால்வாசியை உடனே எடுக்கலாம், முழுசா எடுக்க 12 மாசம் ஆகணும்னு 2025 அக்டோபர்ல அறங்காவலர் குழு முடிவு பண்ணாங்க, எடுக்க முடியும்ங்கறதுக்காக எடுக்கணும்னு இல்ல. கம்பெனி மெடிக்கல் இன்ஷூரன்ஸ் வேலையோட போயிருக்கும், அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியில தனி பாலிசியா மாத்திக்க வழி இருக்கான்னு இன்னைக்கே போன் போட்டு கேளுங்க, தள்ளிப் போட்டா பழைய வருஷங்களோட கணக்கு போயி, இருக்கற வியாதிக்கு திரும்ப மூணு வருஷம் வரைக்கும் காத்திருக்க வைப்பாங்க. தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22ல இருந்து ஜிஎஸ்டியும் இல்ல. பேங்க்ல இஎம்ஐ ஒண்ணு தவறினதுக்கப்புறம் போறதை விட தவறறதுக்கு முன்னாடியே மேனேஜரைப் பாத்து வேலை போனதைச் சொல்லி, காலத்தை நீட்டி இஎம்ஐயைக் குறைக்க முடியுமான்னு கேளுங்க. மூணு மாசம் தொடர்ந்து கட்டலைன்னா வாராக்கடன்ல போட்டுடுவாங்க, அப்புறம் அவங்க பேசற விதமே வேற.

கடைசியா உங்க வீட்டம்மா. ‘எதுவுமே சொல்ல மாட்டேங்கறா’ன்னு ஒரு வரியில எழுதிட்டீங்க. தம்பி, இந்த நேரத்துல உங்க வீட்ல மாசா மாசம் சம்பளம் வாங்கிட்டு வர்ற ஒரே ஆள் அவங்கதான், காலைல ரெண்டு புள்ளைகளைக் கிளப்பி ஸ்கூல்ல அறுபது புள்ளைகளை மேய்ச்சுட்டு வந்து, நீங்க எந்த முகத்தோட உக்காந்திருக்கீங்கன்னு பாத்து அதுக்கேத்த மாதிரி பேசவோ பேசாம இருக்கவோ பண்றாங்க. ஊருக்குப் போகலாம்னு நீங்க சொல்றப்ப உங்களுக்கு அது பொறந்த வீடு, அவங்களுக்கு அது மாமியார் வீடு, அங்க அவங்க வேலையை விட்டுட்டு வந்து அடுப்பு முன்னாடி நிக்கணும். வேண்டாம்னு சொன்னா ‘மாமியாரைப் பாத்துக்க மனசில்ல’ன்னு பேர் வரும், சரின்னு சொன்னா சம்பளம் போகும், அதான் வாயைத் திறக்கல. அவங்க கிட்ட ‘போலாமா வேண்டாமா’ன்னு கேக்காதீங்க. ‘அங்க போனா நீ என்ன வேலை பாக்க ஆசைப்படறே, உனக்கு என்னவெல்லாம் வேணும்’னு கேட்டுட்டு ஒரு வாரம் விட்டுடுங்க. பேராவூரணி, பட்டுக்கோட்டையில தனியார் ஸ்கூல் நெறைய இருக்கு, அனுபவம் உள்ள டீச்சருக்கு வேலை கிடைக்கும், சம்பளம் இதே அளவு வருமாங்கறது விசாரிச்சாத்தான் தெரியும், அந்த விசாரிப்பை மே மாசத்துக்கு முன்னாடி அவங்களே பண்ணட்டும்.

ரெண்டு மாசம் இருந்துட்டு மார்கழியில எனக்கு மறுபடி எழுதுங்க. அதுக்குள்ள வேலை கிடைச்சுட்டா அதுவும் எழுதுங்க.

கேள்வி: அக்கா, நான் கோவை. கணவர் ஒரு மில்லுல சூப்பர்வைசர், மில்லை மூடிட்டாங்க, செட்டில்மென்ட் 11 லட்சம் வந்திருக்கு. எங்களுக்கு கிராமத்துல வீடுன்னு எதுவும் இல்ல. ஆனைகட்டி பக்கம் மலையடிவாரத்துல ‘ஃபார்ம் லேண்ட்’ பிளாட் போட்டு விக்கறாங்க, அதுல ஒண்ணு வாங்கி சின்னதா வீடு கட்டி மாடு வளக்கலாம்ங்கறார். அட்வான்ஸ் குடுக்க சனிக்கிழமை போகணும்ங்கறார். எனக்கு பயமா இருக்கு.

பதில்: சனிக்கிழமை போக விடாதீங்கம்மா. சண்டை போட வேண்டாம், ‘பேப்பர் எல்லாம் ஒரு வக்கீல் பாத்துட்டு அடுத்த வாரம் போலாம்’னு மட்டும் சொல்லுங்க. அந்தப் பக்கம் பல கிராமங்கள் மலையிடப் பாதுகாப்பு எல்லைக்குள்ள வருது, அங்க வீடு கட்ட சாதாரண பஞ்சாயத்து அனுமதி போதாது, தனியா அனுமதி வாங்கணும், யானை வழித்தடம் பக்கத்துல இருந்தா அது கிடைக்கறதும் கஷ்டம். ‘ஃபார்ம் லேண்ட்’னு பேர் வச்சு விக்கறதுல நெறைய மனைப்பிரிவு அங்கீகாரமே இல்லாதது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக்கூடாதுன்னு 2016 செப்டம்பர்ல சென்னை ஹைகோர்ட் உத்தரவு போட்டப்ப எத்தனை குடும்பம் பத்திரத்தைக் கையில வச்சுக்கிட்டு தவிச்சாங்கன்னு பாத்தவ நான். வரன்முறைப்படுத்தற திட்டமும் 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி போட்ட மனைகளுக்குத்தான். டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககம் குடுத்த அங்கீகார நம்பர் கேளுங்க, நம்பர் இல்லாம வெறும் வாய்வார்த்தையா ‘வந்துடும் வந்துடும்’னா வந்தப்புறம் பாத்துக்கலாம்னு எழுந்து வந்துடுங்க.

மாடு வளக்கணும்னு அவருக்கு உண்மையாவே ஆசை இருந்தா, இடம் வாங்காம முதல்ல யாராவது தெரிஞ்சவங்க பண்ணையில மூணு மாசம் கூட இருந்து வேலை பாக்கச் சொல்லுங்க, காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு சாணி அள்ளி, பால் கறந்து சொசைட்டிக்கு ஊத்தி, மடிநோய் வந்த மாட்டுக்கு டாக்டரைத் தேடி ஓடி. அதுக்கப்புறமும் ஆசை இருந்துச்சுன்னா அது நிக்கும். அந்த 11 லட்சம் அதுவரைக்கும் பேங்க்ல உங்க ரெண்டு பேரு பேர்லயும் ஃபிக்ஸட்ல கிடக்கட்டும்.

கேள்வி: எம் பையன் பெங்களூர்ல வேலை போயி பொண்டாட்டி புள்ளையோட வீட்டுக்கு வந்துட்டான்மா. சிவகங்கை பக்கம் எங்க ஊரு. வந்து ஒரு மாசம் ஆகுது. வெளிய வாசல் போறதில்ல, தெருவுல கேக்கறவங்க கிட்ட ‘வீட்ல இருந்தே வேலை பாக்கறான்’னு சொல்லச் சொல்றான். எனக்குப் பொய் சொல்ல வரல. அவன் கிட்ட எப்படி பேசறதுன்னும் தெரியல. (இவங்க பேரன் கையால எழுதி அனுப்பின கடிதம் இது.)

பதில்: அம்மா, உங்களுக்குப் பொய் சொல்ல வரலைன்னு அவன் கிட்டயே சொல்லிடுங்க, கோவமா வேண்டாம், சாப்பாடு போடறப்ப சாதாரணமா. ‘யாராவது கேட்டா வேலை போயிடுச்சு, வேற தேடிக்கிட்டு இருக்கான்னு சொல்லப் போறேன்ப்பா’ன்னு ஒரு தடவ சொல்லிட்டு விட்டுடுங்க. ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வச்சுக்குவான். தெருவும் நாலு நாள் பேசும், அஞ்சாவது நாள் வேற வீட்டுக் கதைக்குப் போயிடும், ஆனா மறைச்சு வச்சா ஆறு மாசம் தோண்டிக்கிட்டே இருக்கும், அவனும் ஆறு மாசம் ஜன்னலைச் சாத்திக்கிட்டு இருக்கணும். இன்னொண்ணு, வேலை போச்சுன்னு ஊருக்குத் தெரிஞ்சாத்தான் ‘எங்க மச்சான் கம்பெனியில கேட்டுச் சொல்றேன்’னு யாராவது ஒருத்தர் சொல்லவும் முடியும்.

காலைல எந்திரிச்சதும் ‘ஏதாவது மெயில் வந்துச்சா’ன்னு கேக்காதீங்க, அவன் நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே பத்து தடவ பாத்திருப்பான். மருமக கிட்ட ‘அவன் ஒழுங்கா சாப்பிடறானா’ன்னு கேக்கறதோட ‘நீ சாப்பிட்டியாம்மா’ன்னும் கேளுங்க. வீட்ல அவனுக்குன்னு செய்ய ஒரு வேலை குடுங்க, சும்மா பேருக்கு இல்லாம, நெசமாவே உங்களுக்கு முடியாத வேலையா. மோட்டார் ரிப்பேரா கிடக்கா, ரேஷன் கார்டுல பேர் சேக்கணுமா, உங்க பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று குடுக்கணுமா, அவனை அனுப்புங்க. சாயங்காலம் நீங்க கம்மாக்கரை பக்கம் போறப்ப ‘இருட்டிடும், துணைக்கு வாடா’ன்னு கூப்பிடுங்க. முதல் நாள் வர மாட்டான். மறுநாளும் கூப்பிடுங்க. வந்தான்னா ஒண்ணும் பேச வேண்டாம், கூட நடந்து வரட்டும், கரையில உக்காந்திருக்கற பெரியவர் எவராவது ‘யாரு, சின்னவனா, எப்ப வந்தே’ன்னு கேப்பாரு, அதுக்கு அவனே பதில் சொல்லிக்கட்டும்.